பெட்டைக்கும் கடுவனுக்கும் ஊசி

அன்றைக்கு என் வளவில் நின்றவர்கள் மிருக வைத்தியர், நான், என் பெட்டை நாய். வேலிக்கு அப்பால் கோயில் ஐயரின் மனைவி. வேறு ஒருவரும் இல்லை. மண்கும்பானில் எங்கள் ஒழுங்கையில் மற்ற வீடுகளெல்லாம் பூட்டிக் கிடக்கின்றன.

பெட்டையும் அப்படிப் பூட்டிய வீடொன்றில் விட்டுப்போனதுதான். கனடாவுக்குப் போனவர்கள் திறப்பை என்னிடம் தந்தார்கள். நாய் தானாக வந்தது. கணவர் காலமான பிறகு நான் வாய் திறந்து பேசுவது அதோடும், பின்னேரத்தில் வேலியடிக்கு வரும் ஐயரம்மாவோடும்தான். அதற்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற யோசனையிலேயே எனக்குப் பாதி நாள் போகும்.

அப்படி யோசிக்கிற நான்தான் பிழை விட்டேன். வாலுக்குக் கீழே இரத்தம் சொட்டியபோது பருவத்துக்கு வந்துவிட்டது என்று நினைத்தேன். கோயில் பக்கம் போய்த் தீட்டாக்கிவிடும் என்று பின்வளவில் பனையோடு கட்டினேன். தீட்டு என்றபடியால் குனிந்து பார்க்கவும் இல்லை. இரண்டு மாதமாகியும் நிற்காதபோதுதான் பார்த்தேன். பூக்கோவா மரக்கறிப் பூப் போலத் திரண்டு சிவந்த சதை.

வைத்தியர் கையுறை போட்டுப் பார்த்து, புற்றுநோய் என்றார். எனக்கும் தொற்றுமா என்று கேட்டேன். இல்லை என்றார். சற்றுப் பொறுத்துத் திரும்பவும் கேட்டேன்.

“உங்களுக்கு ஒட்டாது அக்கா. நாயிலையிருந்து நாய்க்குத்தான். இது கிருமியும் இல்லை. அந்தப் புற்றுச் சதையே கழண்டு போய் மற்றதிலை ஒட்டி வளரும். சேரேக்கை, நக்கேக்கை, மணக்கேக்கை.”

முதன்முதல் இது வந்த நாய் செத்து எத்தனையோ ஆயிரம் வருடமாம். அதன் சதைதான் நாய்க்கு நாய் மாறி இன்னும் உயிரோடு திரிகிறதாம். ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பிடிபடவில்லை. பயம் மட்டும் பிடிபட்டது.

கிழமைக்கு ஒரு ஊசியாக நாலைந்து போட்டால் பெரும்பாலும் சுகம் வரும் என்றார். ஆனால் இதோடு சேர்ந்த கடுவன் நாயையும் பார்க்கவேண்டும், விட்டால் திரும்பவும் வரலாம் என்றார்.

ஐயரம்மாவின் சோற்றில் வளர்ந்து கோயில் வாசலில் படுக்கும் கடுவன் ஒன்றுதான் எங்கள் ஒழுங்கையில் உண்டு. நான் வேலிக்கு அப்பால் நின்ற ஐயரம்மாவைப் பார்த்தேன்.

“எங்கடை நாய் மரக்கறிச் சாப்பாடு. உம்மடைதான் கண்ட மீன்தலையெல்லாம் தின்னுறது,” என்றார். பிறகு குரலைத் தணித்து, “மூக்கிலை இரத்தம் வாறது, ஓம். அது பனங்கருக்குக் கிழிச்சது.”

“கருக்குக் கிழிச்சா ஒரு கிழமையிலை மாறியிருக்கும் அம்மா,” என்று வைத்தியர் கோயிலடிக்குப் போனார். கடுவனின் மூக்குக்குள்ளும் அதே சதை. பெட்டையை மூக்கால் மணந்து பார்த்ததில் ஒட்டியிருக்கலாம் என்றார்.

கடுவனின் செலவைத் திருவிழா முடியத் தருவதாக ஐயரம்மா சொன்னார். அதுவரை பொறுக்க எனக்கு ஏலவில்லை. வெளியூரில் இருக்கும் மகள் அனுப்பிய காசில் இரண்டுக்கும் கொடுத்தேன். மூன்றாம் ஊசியோடு சதை வற்றத் தொடங்கியது. ஐந்தாவதோடு இரண்டுக்கும் மாறிவிட்டது. பெட்டை இப்போது என் காலடியில்தான் கிடக்கிறது.

திருவிழா முடிந்து மாதங்களாகின்றன. ஐயரம்மா வேலியடிக்கு வருவதில்லை. என் தலை தெரிந்தால் உள்ளே போய்விடுகிறார். காசு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். சொன்னால், குத்திக்காட்டுகிறேன் என்று நினைப்பாரோ என்று பயம். கடுவனுக்குப் பத்தாயிரம் செலவு முடிந்தது. திருவிழாவோடு ஐயரம்மா நாலாயிரம் தந்தார். மிச்சம் ஆறாயிரம் ரூபா.