கைராசிக்காரரின் இரண்டு விரல்

அந்தத் தெருவில் கார் கிளம்பவில்லை என்றால் முதலில் கடவுளைக் கூப்பிடுவார்கள், அடுத்து கைராசிக்காரரைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேருமே உடனே வர மாட்டார்கள் என்பது வேறு விஷயம். கைராசிக்காரர் கார்களுக்கு எலக்ட்ரிக் வேலை பார்ப்பவர். பட்டறைப் பலகையில் அவருடைய சொந்தப் பெயர்தான் இருந்தது. மழையில் அது அழிந்த பிறகு அவர் உட்பட யாரும் அதைத் தேடவில்லை.

பட்டப்பெயர் வந்த கதையை வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அவரே சொல்லுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், எல்லாரும் கைவிட்ட ஒரு காரின் மேல் அவர் கை வைத்தாராம். அது உடனே உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டதாம். தரையில் கிடந்த எண்ணெய் வழுக்கி, விழாமல் இருக்கத்தான் காரைப் பிடித்தார் என்பதை மட்டும் சொல்ல மாட்டார். அது கதைக்கு அவசியமில்லை என்று நினைத்திருப்பார்.

இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்புகிற கருவிதான் ஆல்டர்னேட்டர். அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க மற்ற எலக்ட்ரீஷியன்கள் மீட்டர் வைப்பார்கள். கைராசிக்காரர் விரல் வைப்பார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மாட்டியிருக்கும் கிளாம்ப்பை உருவி எடுப்பார். இன்ஜின் நின்றுபோனால் ஆல்டர்னேட்டர் செத்துவிட்டது. ஓடினால் உயிரோடு இருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கிறானா என்று பார்க்க மூக்கைப் பொத்துகிற வைத்தியம். பிழைத்தவர்கள் எல்லாரும் வைத்தியரைப் புகழ்ந்தார்கள்.

எதிர்ப்பட்டறை அவருடைய தங்கை கணவருடையது. அந்த மாப்பிள்ளை சிவப்பும் கறுப்புமாக இரண்டு கம்பி தொங்குகிற மீட்டரைக் கையில் பிடிக்காமல் ஒரு காரின் முன்மூடியையும் திறக்க மாட்டார்.

"தண்ணி சுடுதான்னு பார்க்க விரல் போதும் மாப்ளே. உனக்கு அதுக்கும் ஒரு பெட்டி வேணும்" என்பார் கைராசிக்காரர், தெருவே கேட்கும்படி.

"விரல் வெந்துடக் கூடாதுன்னுதான் மச்சான்" என்பார் மாப்பிள்ளை, தெருவுக்குக் கேட்காதபடி.

கைராசிக்காரரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பள்ளி முழுவதும் ஒரே ஒரு காரில் அடங்கிவிடும். டீச்சர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவர் கால் எந்நேரமும் அதன் மேலேதான் இருக்கும். வீட்டிலும் அப்படித்தான் என்பது கணவரின் தாழ்மையான கருத்து.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை நோயாளி என்பார்கள். எலக்ட்ரீஷியன் மனைவியின் கார் காலையில் சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று நாக்கைச் சப்புக்கொட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. "பேட்டரி போச்சு" என்று தீர்ப்புச் சொல்லிப் புதுப் பேட்டரி மாட்டினார். சில நாள் கார் சிங்கம் மாதிரி ஓடியது. பிறகு மறுபடியும் டிக் டிக். இந்தத் தடவை கிளாம்ப்பை உருவினார், இன்ஜின் நின்றது. "ஆல்டர்னேட்டர் போச்சு." புது ஆல்டர்னேட்டர் வந்தது. மறுபடியும் சில நாள் சிங்கம், மறுபடியும் டிக் டிக். மாற்றுவதற்குப் பெரிதாக எதுவும் மிச்சமில்லாததால் மாணவர்கள்மேல் பழி போட்டார்.

"உன் ஆளுங்க ஹாரன் அடிக்கிற அடியில எந்த பேட்டரி தாங்கும்?"

"அவங்க ஹாரன் அடிக்கிறது வண்டி ஓடுறப்போ. வண்டி எங்க ஓடுது?"

அதுவரை நினைத்தபோதெல்லாம் கிளாம்ப்பை உருவிப் பார்த்தவர், அதன்பிறகு, மனைவி காரை எடுக்கும் முன்னால், தினமும் காலையில் தவறாமல் சோதித்து அனுப்பினார். ஓட விட்டு, இரண்டு விரலால் கிளாம்ப்பை உருவி, இன்ஜின் நிற்கவில்லை என்று பார்த்து, திரும்ப அழுத்தி வைப்பார். ஸ்பேனர்கூடத் தேவைப்படவில்லை. விரலுக்கு அவ்வளவு பழக்கமாகிவிட்டது என்று அவர் பெருமைப்பட்டார். பழகிப்போனது விரலா கிளாம்ப்பா என்று யோசித்துப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

லைசன்ஸ் தேர்வுக்கு முந்தின சாயங்காலம் மனைவி பேச்சைச் சுருக்கமாக முடித்துவிட்டார்.

"இங்க பாருங்க, நாளைக்கு டெஸ்ட். தையல்கார அக்கா ஏற்கெனவே தோத்தவங்க, இந்தத் தடவையும் விட்டா இனிமே ஸ்டியரிங்கையே தொட மாட்டேன்னுட்டாங்க. வண்டி நடுவுல நின்னுச்சுன்னா நேரா எதிர்ப்பட்டறைக்குத்தான் போகும். உங்ககிட்ட வராது."

அன்று இரவு முழுக்க அவருக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. கைராசிக்காரர் மனைவியின் கார் எதிர்ப்பட்டறையில் முன்மூடியைத் திறந்துகொண்டு நிற்பதைத் தெரு பார்த்தால், நாளை முதல் அவரை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்? அழிந்துபோன சொந்தப் பெயர்கூட யாருக்கும் ஞாபகம் இருக்காதே.

மறுநாள் காலை வழக்கத்தைவிட அக்கறையாக, ஒரு தடவைக்கு இரண்டு தடவை உருவிப் பார்த்து அனுப்பினார். கார் போனது. அது போன திசையையே பார்த்துக்கொண்டு பட்டறை வாசலில் நின்றார். போன் அடித்தது.

"மேட்டுல நிக்குது" என்றார் மனைவி. "உங்க கைராசி மேட்டுல ஏற மாட்டேங்குது."

எதிர்ப்பக்கம் மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். மச்சானின் முகத்தைப் படிக்க மீட்டர் தேவைப்படவில்லை. "ஏறுங்க மச்சான்" என்று ஸ்கூட்டரைத் திருப்பினார். பையில் மீட்டர் கிடந்தது. கைராசிக்காரர் அதைப் பார்க்காத மாதிரி பின்னால் உட்கார்ந்தார்.

தேர்வு மைதானத்தின் செயற்கை மேட்டில் கார் பாதி வழியில் அணைந்துபோய், சாவியைத் திருப்பினால் டிக் டிக் என்று மட்டும் சொல்லிக்கொண்டு நின்றிருந்தது. தையல்கார அக்கா ஸ்டியரிங்கை விடாமல் பிடித்தபடி அழுகையை அடக்கிக்கொண்டிருந்தார். தேர்வு அதிகாரி இந்த வரிசை முடிவதற்குள் வண்டி கிளம்பினால் சரி, இல்லையென்றால் அடுத்த மாதம் வரலாம் என்று சொல்லிவிட்டு, அடுத்த காரைப் பார்க்கப் போய்விட்டார்.

பக்கத்து காரின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு இன்ஜினை ஓட வைத்தார்கள். வயரை எடுத்த அடுத்த நொடி கைராசிக்காரரின் இரண்டு விரல்களும் தாமாகவே கிளாம்ப்பை நோக்கிப் போயின.

"கையை எடுங்க!" மனைவி போட்ட சத்தத்தில் மேட்டின் அந்தப் பக்கம் ஒரு கார் பிரேக் அடித்தது.

மாப்பிள்ளை மீட்டரை எடுத்தார். ஆல்டர்னேட்டரில் வைத்தார்: பதினாலு வோல்ட்டுக்கு மேல். பேட்டரியில் வைத்தார்: பன்னிரண்டைத் தாண்டவில்லை.

"அங்க விளையுது மச்சான், இங்க வந்து சேரலை. வழியில எங்கயோ போகுது."

பிறகு ஒரு கம்பியை பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் இன்னொன்றை அதன் மேல் மாட்டியிருந்த கிளாம்ப்பிலும் வைத்தார். "ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டுக்கும் நடுவுல மீட்டர் எதையும் காட்டக் கூடாது. பாருங்க, ரெண்டு வோல்ட் காட்டுது." கிளாம்ப்பைத் தொட்டார். ஒல்லிக் கையில் மாட்டிய அகல வளையல் மாதிரி அது சுற்றியது. இன்ஜினை நிறுத்தச் சொன்னார்.

"ரொம்ப லூஸ். யாரோ தினமும் கழட்டிக் கழட்டி மாட்டியிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை, யார் முகத்தையும் பார்க்காமல். "ஓடுற இன்ஜின்ல இப்படிப் பிடுங்கினா ஆல்டர்னேட்டரே போயிடும்."

பட்டறை மூலையில் தூக்கிப் போட்டிருந்த பழைய ஆல்டர்னேட்டர் கைராசிக்காரர் நினைவுக்கு வந்தது. அவர் தன் இரண்டு விரல்களையும் முதல் தடவையாகப் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

காருக்குள்ளிருந்து தையல்கார அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "பட்டன் துளையை இழுத்து இழுத்துப் பெருசாக்கிட்டா பட்டன் நிக்காது டீச்சர். பட்டனை மாத்தி என்ன பண்றது?"

பேட்டரியையும் ஆல்டர்னேட்டரையும் மாற்றியவர் காதில் அது விழுந்தது. மனைவி அதிகாரி போன பக்கத்தை மட்டும் பார்த்தார். அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதிகாரி திரும்பி வந்துகொண்டிருந்தார்.

"மாப்ளே" என்றார் கைராசிக்காரர். "ஸ்பேனர் குடு."

மாப்பிள்ளை காதை நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். அவர் இன்னொரு தடவை சொன்னார், இந்த முறை இன்னும் மெதுவாக. மாப்பிள்ளையின் பையில் கிடந்த ஈயத்தகட்டை வாங்கி, சிறு துண்டாக நறுக்கி, முனையைச் சுற்றி வைத்து, அதன் மேல் கிளாம்ப்பை இறக்கி, அசையாதவரை முறுக்கினார். வேலை என்று உட்கார்ந்துவிட்டால் அவர் கை சுத்தம்தான். மறுபடி வயர் போட்டு ஓட வைத்ததும் மீட்டரை அவரே வாங்கி பேட்டரியில் வைத்தார். பதினாலுக்கு மேல். கிளாம்ப்பில் வைத்தார். கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாததைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல்கார அக்கா மேட்டில் ஏறி, இறங்கி, வளைந்து, நிறுத்தி, லைசன்ஸுக்குக் கையெழுத்தும் வாங்கிவிட்டார்.

திரும்பும்போது மனைவி ஓட்டினார். கைராசிக்காரர் பின்சீட்டில், தோற்ற மாணவர்கள் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். தெரு வந்தது. இடது பக்கம் அவர் பட்டறை, வலது பக்கம் எதிர்ப்பட்டறை. கார் ஜெயித்து வந்திருக்கிறது, மனசு மாறியிருப்பாள் என்று நினைத்தார். இண்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்தது. வலது பக்கம்.

"என்னம்மா, அதான் சரியாயிடுச்சே?"

"ஈயத்தகடு எத்தனை நாளைக்கு? புது கிளாம்ப் போடணும். அதோட நின்னா எங்க போகும்னு சொன்னேனா இல்லையா? சொன்னது சொன்னதுதான்."

எதிர்ப்பட்டறையில் முன்மூடி திறந்தது. டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு வெளியே வந்து நின்றார்கள். மாப்பிள்ளை புது கிளாம்ப்பை எடுத்து வந்தார். ஆனால் காரைத் தொடாமல் மச்சானிடம் நீட்டினார், கூடவே மீட்டரையும்.

"நீங்களே மாட்டுங்க. எனக்கு உள்ள ஒரு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு, எந்த வேலையும் இல்லாத உள்ளே போனார்.

கைராசிக்காரர் இன்ஜினை நிறுத்தினார். இதுவரை அவர் செய்யாத காரியம் அது. பிறகு குனிந்தார்.

"என்ன கைராசி, உங்க வீட்டு வண்டி எதிர்ப்பட்டறையில நிக்குது?" டீக்கடைக்காரர் ஆரம்பித்தார்.

"இங்க வெளிச்சம் நல்லா இருக்கு" என்றார் அவர், நிமிராமல்.

உச்சி வெயில் தெருவின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. புது கிளாம்ப்பை அசையாமல் முறுக்கி முடித்ததும், காருக்குள்ளிருந்து டீச்சர் ஹாரனை ஒரே ஒரு தடவை அழுத்தினார்.