தாஹிர் காக்காவின் தையற்கடைப் பிறை

சந்திரனில் மனிதன் கால் வைத்த அந்த வருடம்தான் எனக்கு ஆசிரிய நியமனம் கிடைத்தது. சாம்பல்தீவில் எங்கள் பரம்பரையிலேயே முதல் பட்டதாரி நான். அதை ஊருக்கு நாமே வாயால் சொல்லக்கூடாது, உடுப்புத்தான் சொல்லவேணும் என்பது ஐயாவின் எண்ணம். நல்ல காற்சட்டைத் துணி ஒன்று வாங்கித் தந்து திருகோணமலை டவுனுக்கு அனுப்பினார். அப்படித்தான் ஊரே காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்ட தாஹிரின் தையற்கடைப் படியில் ஏறினேன்.

அளவு நாடாவை மாலைபோலக் கழுத்தில் போட்டிருந்த மெலிந்த மனிதர். இடுப்பை அளந்துகொண்டே, "பறுவத்துக்கு வாங்க மாஸ்டர்" என்றார். என்னை மாஸ்டர் என்று கூப்பிட்ட முதல் ஆள் அவர்தான். அந்தக் குளிர்ச்சியில் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. ஆடிப் பறுவத்தன்று, முழுநிலவு நாளில், போய் நின்றேன்.

"நான் சொன்னது ஆவணிப் பறுவமல்லவா மாஸ்டர்!" என்றார், என்மேல் இரக்கப்படுகிறவர்போல.

முதல்நாள் பள்ளிக்கூடத்துக்கு வேட்டியோடு போனேன்.

தாஹிர் காக்கா தவணை சொன்னால் நிலவை வைத்துத்தான் சொல்வார். "வளர்பிறைக்குள்ள தாறன்", "அமாவாசை கழியட்டும்" என்பார். எந்த மாதத்து வளர்பிறை என்று மட்டும் சொல்லமாட்டார். அவருக்கு வாய்ப்பாக அரசாங்கமும் அப்போது ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டுப் போயா விடுமுறையைக் கொண்டுவந்திருந்தது. அமாவாசை, பறுவம், இடையில் வரும் இரண்டு அரைநிலவு என்று பார்த்துத்தான் ஊர் ஓய்ந்தது. ஒரு கிழமை ஏழு நாளில் முடியும், இன்னொன்று எட்டு நாளுக்கு இழுபடும். இன்று என்ன கிழமை என்று அரசாங்கக் கந்தோர்க்காரருக்கே தெரியாத காலம். வாடிக்கையாளர் சண்டைக்கு வந்தால், "நாடே நாள் தெரியாமக் கிடக்கு, என்னை மட்டும் புடிக்கிறீங்க!" என்பார்.

பறுவங்களுக்கு அவர் தானே பெயர் வைத்திருந்தார். நாங்கள் வைகாசி விசாகம் என்போம், சிங்கள ஆக்கள் வெசாக் என்பார்கள். அவருக்கு அது 'வெள்ளைப் பறுவம்'. விகாரைக்குப் போகிறவர்களின் வெள்ளைத் துணி அந்த நாட்களில் மேசையில் மலையாகக் குவியும். சிறுமிகளுக்குப் புதுப் பாவாடை தைக்கிற தைப்பூசம் 'பாவாடைப் பறுவம்'. மாசி மகம் 'சும்மாப் பறுவம்'. கடலில் தீர்த்தமாடப் போகிறவன் புதுச்சட்டை தைப்பானா?

ஆள் கிண்ணியாக்காரர். வெள்ளைக்காரனின் கடற்படைத் தளம் இருந்த காலத்தில் டொக்யார்டில் கொடியும் பாய்த்துணியும் தைத்தவர். தளம் கைமாறியபோது வேலை போனது. பழைய சிங்கர் மெசின் ஒன்றோடு டவுனுக்கு வந்து கடை போட்டார். மனைவி ஸல்ஹா பின்கட்டில் இருந்து பொத்தான் கட்டுவார். விளக்கில்லாமல் ஊசி கோர்க்கிற கண் தாஹிர் காக்காவுக்கு. அந்தக் கண்ணுக்காகவே பள்ளிவாசலை நிர்வகிக்கிற மரைக்கார் கலீலுர் றஹ்மான், நோன்பு இருபத்தொன்பதாம் நாள் பொழுதுபட்டதும் பிறை பார்க்கிற ஆட்களில் ஒருவராக இவரையும் சேர்த்திருந்தார். இதில்தான் வில்லங்கம்.

இருபத்தொன்பதில் பிறை தெரிந்தால் விடிந்தால் பெருநாள். தெரியாவிட்டால் இன்னும் ஒரு நோன்பு. அதாவது, தையற்காரனுக்கு இன்னும் ஒரு பகல், ஒரு இரவு. தாஹிர் காக்கா பிறை பார்க்கத் தொடங்கிய காலம் முதல் ஒருமுறையாவது அவருக்கு இருபத்தொன்பதில் பிறை தெரிந்ததில்லை. ஊர் சும்மா இருக்குமா? "தாஹிர் காக்காட பிறை காஜா எடுத்துப் பொத்தான் கட்டினாப் பொறவுதான் வரும்" என்று கதை கிளம்பிற்று.

கிளப்பியவர் பக்கத்துத் தேத்தண்ணிக்கடை அப்துல் மஜீத். அவர் கடை நோன்பு மாதம் முழுக்கப் பகலில் பூட்டுத்தான். அதனால் அவருக்கு ஒவ்வொரு வருடமும் இருபத்தொன்பதிலேயே பிறை தெரிந்துவிடும். முந்தின வருடம் சீனன்குடா எண்ணெய்த் தாங்கிக்கு மேலே பிறையைக் கண்டேன் என்று குதித்தார். எல்லாரும் பார்த்தார்கள். தாங்கியில் யாரோ கொளுத்திவைத்த விளக்கு!

அந்த வருடம் நோன்பு மார்கழி மழையோடு முடிய வந்தது. கடையில் பெருநாள் உடுப்பு கூரையைத் தொட்டது. அதற்குள் மரைக்காரின் நீளக் கோட்டும் ஒன்று. கோட்டின் உடம்பு முடிந்திருந்தது, கை இரண்டும் இன்னும் வைக்கவில்லை.

மரைக்கார் கோட்டைப் பார்க்க வந்தவர், போகிறபோது சிரித்துக்கொண்டே சொன்னார்: "இந்தமுறையும் கரைக்கு வாங்க தாஹிர். ஆனா நீங்க காணல்ல எண்டு சொன்னா, அதை நான் கணக்கெடுக்கமாட்டன், சரியா?"

சிரிப்போடு சொன்ன சொல்தான். தாஹிர் காக்காவுக்கோ ஊசி நகக்கண்ணில் ஏறினமாதிரி இருந்தது. நிலவை வைத்து ஊரை ஏமாற்றுகிறவர் என்று கடையில் யாரும் சொல்லட்டும், அது தொழில். பள்ளிவாசலில் அவர் வார்த்தை எடுபடாது என்றால் எப்படி?

"நான் எப்பயாவது பிறையக் கண்டிட்டு ஒளிச்சிருக்கனா புள்ள?" என்று ஸல்ஹாவைக் கேட்டார்.

"ஒளிக்கல்ல" என்றார் ஸல்ஹா, பொத்தானிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஆனா முகில் வந்தா உங்கட முகத்தில ஒரு வெளிச்சம் வருமே, அதை நான் கண்டிருக்கன்."

அது உண்மைதான். பொய் சொன்னதில்லை, மேகத்துக்கு மனதுக்குள் நன்றி சொன்னதுண்டு.

இருபத்தொன்பதாம் நாள் மாலை உள்துறைமுகக் கரையில் கூட்டம். பேரீச்சம்பழத்தோடு நோன்பு திறந்துவிட்டு எல்லாரும் மேற்கே பார்த்தார்கள். வானம் ஊறப்போட்ட கம்பளிமாதிரிக் கிடந்தது.

"என்ன காக்கா, அமெரிக்காக்காரன் சந்திரனுக்கே போயிட்டு வந்திட்டான்" என்றார் மஜீத். "உங்களுக்கு இன்னும் கண்ணுக்கே தெரியல்லியா?"

"அவன் பெருநாள் உடுப்பு தைக்கிறல்ல மச்சான், நேரம் கிடக்கு" என்றார் தாஹிர் காக்கா. கூட்டம் சிரித்தது. அவர் கண் சிரிக்கவில்லை. இந்தமுறை அவர் மேகத்தைப் பார்க்கவில்லை, மேகத்தின் கிழிசல்களைப் பார்த்தார்.

சீனன்குடாப் பக்கம், தாங்கிகளுக்கு மேலே, ஒரு கிழிசல் மெல்ல விரிந்தது. அதற்குள் வெட்டிப் போட்ட நூல்துண்டு போல ஒன்று.

அவர் நெஞ்சு முதலில் கேட்டது, கோட்டுக்கு யார் கை வைப்பது என்றுதான். வேறு யாரும் காணவில்லை. கிழிசல் மூடினால் அதோடு போயிற்று. வாய் திறக்காவிட்டால் நாளைக்கு முழுநாள் கையில். கூரை தொடுகிற உடுப்பும் முடியும், மரைக்காரும் மாப்பிள்ளைமாதிரி வருவார்.

தாஹிர் காக்கா மஜீத்தின் பிடரியில் கை வைத்துத் தலையைத் திருப்பினார். "பாருங்க!"

"எங்க?"

"என்ட விரலுக்கு நேர. விரலைப் பாக்காதீங்க, அதுக்கு மேல. தாங்கிக்கு இடப்பக்கம்."

மஜீத் கண்ணைச் சுருக்கினார், விரித்தார். திடீரென்று வாய் திறந்தபடி நின்றார். "இவ்வளவு மெல்லிசா காக்கா இரிக்கும்?"

"ஏன், இவ்வளவு வருசமும் நீங்க கண்டது?"

"அது... கொஞ்சம் தடிப்பா இருந்திச்சு" என்றார் மஜீத் சன்னமாக.

இருவரும் மரைக்காரிடம் போனார்கள். "கண்டம்" என்றார் தாஹிர் காக்கா. மரைக்கார் மஜீத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"அப்ப என்ட கோட்டு?"

"கை வைக்கல்ல, மரைக்கார்."

மரைக்கார் தாடியைத் தடவினார். "கை வைக்காத கோட்டைக் கடையில வெச்சுக்கொண்டு எந்தத் தையல்காரனும் பிறையக் கண்டன் எண்டு பொய் சொல்லமாட்டான்" என்றார். "நாளைக்குப் பெருநாள்." கொஞ்ச நேரத்தில் வேறு ஊர்களிலும் பிறை கண்ட செய்தி வானொலியில் வந்தது.

அந்த இரவு மெசின் நிற்கவில்லை. அப்படியும் விடிந்தபோது பாதி ஊர் குண்டூசி குத்திய சட்டையோடு தொழப் போனது. மரைக்காரின் கோட்டுக்கு இரண்டு கையும் தற்காலிக நூலோட்டத்தில்தான் பிடித்துவைத்திருந்தது. "கையத் தூக்காம இரிங்க" என்று தாஹிர் காக்கா சொல்லித்தான் கொடுத்தார். சொல்லும்போது ஒன்றை மறந்துவிட்டார்: பெருநாள் தொழுகையில் 'அல்லாஹு அக்பர்' என்கிற தக்பீருக்குத் தக்பீர் கை தூக்கவேணும், அதுவும் முதல் ரக்அத்திலேயே, தொழுகையின் முதல் சுற்றிலேயே, ஏழு தரம்.

மரைக்கார் முன்வரிசையில். இவர் சரியாகப் பின்னால். ஒவ்வொரு தக்பீருக்கும் நூல் 'டிக்' என்று அறுகிற சத்தம் இவர் காதுக்கு இமாமின் குரலைவிடப் பெரிதாகக் கேட்டது. ஏழாவதில் வலக்கை முழங்கைக்கு இறங்கிவிட்டது.

தொழுது முடிந்து எல்லாரும் தழுவிக்கொண்டபோது, மரைக்கார் அந்த வெறுந்தோளோடு நேராக இவரிடம் வந்தார். தாஹிர் காக்கா தலையைக் குனிந்தார். மரைக்கார் இறுக்கிக் கட்டிப்பிடித்தார். மிச்சக் கையும் கழன்றது.

"தாஹிர்," என்றார் எல்லாருக்கும் கேட்க, "உங்கட வாக்கு கெட்டி. தையல்தான் ஆகாது."

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் மஜீத். இடையில் புகுந்து திருத்தியவர் தாஹிர் காக்கா. என் காற்சட்டை ஒருவழியாகக் கைக்கு வந்த பறுவத்தில், அது ஆவணியோ கார்த்திகையோ அல்ல, தைப்பூசம், அன்றுதான் கேட்டேன்.

போயா விடுமுறை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்துவிட்டது. தாஹிர் காக்கா இப்போது கண்ணாடி போட்டுத்தான் ஊசி கோர்க்கிறார். கடை அதே இடத்தில் இருக்கிறது. இருபத்தொன்பதில் அவர் காணவில்லை என்று சொன்னால் மரைக்கார் மறுகேள்வி கேட்பதில்லை. பெருநாள் கோட்டை மட்டும் வேறு கடையில் தைக்கக் கொடுக்கிறார்.