ஈசான்யம் பார்த்துச் சரிந்த கூரை

பனி கொட்டும் ஊர்களில் வீட்டுக் கூரை எப்படி இருக்க வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பனியைத்தான் தெரியாது. ஓசூர் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு இரண்டாவது மாடியில் இருக்கிற எங்கள் அலுவலகத்தின் வேலையே, கடல் தாண்டிய ஒரு குளிர் தேசத்தில் கட்டப்போகும் வீடுகளுக்குக் கூரை வரைந்து கொடுப்பதுதான். அங்கே வீடு கட்டுகிறவர் அளவுகளை அனுப்புவார். இங்கே நாங்கள் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கூரைமேல் எவ்வளவு பனி குவியும், அந்தப் பாரத்தை எந்த மரச்சட்டம் தாங்கும், எந்தச் சரிவில் வழுக்கி எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போடுவோம். எங்கள் பிரிவில் ஒருவர்கூடப் பனியைக் கண்ணால் பார்த்ததில்லை. போச்சம்பள்ளியிலிருந்து வருகிற பெண் ஒருத்தி, வீட்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீசர் கதவு சரியாக மூடாமல் போனபோது பார்த்ததாகச் சொல்வாள். எங்களில் அனுபவசாலி அவள்தான்.

இந்த வேலையில் முதலில் சொல்லித் தருகிற பாடம், வாசல் இருக்கிற பக்கம் கூரையைச் சரிக்காதே என்பது. சரித்தால் பனி மொத்தமும் வழுக்கி வந்து வாசற்படியில் விழும். வெயில் படாத வடக்குப் பக்கம் பெரிய சரிவு விட்டால் இன்னும் மோசம். கூரை விளிம்பில் பனி உறைந்து வரப்புப் போல நின்றுகொள்ளும். உருகும் நீர் வடிய வழியில்லாமல் ஓட்டுக்கு அடியில் புகுந்து வீட்டுக்குள் ஒழுகும். இது எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்து என்ன, என் அப்பாவுக்கு வேறு பாடம் மனப்பாடம்.

அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து இளவயதில் ஓசூருக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா போன பிறகு மத்திகிரியில் எங்களோடு இருக்கிறார். சரியாகச் சொன்னால், அவர் கட்டிய வீட்டில் நாங்கள் இருக்கிறோம். ஓய்வு பெற்றவர்களுக்கு ஏதாவது ஒரு பிடிப்பு தேவைப்படுகிறது. சிலருக்குக் கோயில் கமிட்டி, சிலருக்குச் சர்க்கரை நோய். அப்பாவுக்கு வாஸ்து. வேலையில் இருந்த காலத்தில் வீட்டு கேட்டைப் பிடுங்கி நாலடி தள்ளி வைத்தார். அந்த வருடமே சூப்பர்வைசர் ஆனார். அந்த வருடம் அவரோடு வேலை பார்த்த முக்கால்வாசிப் பேர் சூப்பர்வைசர் ஆனார்கள், வாடகை வீட்டில் இருந்தவர்கள் உட்பட. இதை எடுத்துச் சொன்னால், "அவங்க ஹவுஸ் ஓனரோட கேட்டு சரியா இருந்திருக்கும்மா" என்பார்.

தெருவில் அவருக்கு ஏக மரியாதை. கைப்பேசியில் திசைகாட்டியைப் போட்டு, அதை உள்ளங்கையில் கிடத்திக்கொண்டு, கட்டி முடியாத வீடுகளுக்குள் மெதுவாக நடப்பார். கம்பெனி ஆட்களுக்கு வாடகைக்கு விட வரிசை வீடு கட்டுகிறவர்கள் தமிழில் கேட்டாலும், தெலுங்கில் கேட்டாலும், கன்னடத்தில் கேட்டாலும் பதில் ஒன்றுதான். தென்மேற்கான கன்னிமூலை உயர்ந்திருக்க வேண்டும், வடகிழக்கான ஈசான்யம் தாழ்ந்திருக்க வேண்டும். மழைத் தண்ணீர் ஈசான்யம் நோக்கி ஓட வேண்டும். ஓடினால் லட்சுமி வருவாள். எங்கள் வீட்டில் லட்சுமியின் வசதிக்காக மாடிப்படி ஒரு தடவை இடம் மாறியது, குளியலறை இரண்டு தடவை மாறியது. ஒவ்வொரு தடவையும் சிமெண்ட் தூசிக்கு நடுவில் நின்று சமைத்தவள் நான். என் கணவர் ஷிப்டுக்குப் போய்விடுவார். இந்த விவகாரம் முழுவதிலும் அவர் பங்கு தலையாட்டியது மட்டும்தான்.

என் அண்ணன் இருப்பது அந்தக் குளிர் தேசத்தில். போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஒரு நாள் அவன் மனை வாங்கியிருப்பதாகவும் வீடு கட்டப்போவதாகவும் போனில் சொன்னான். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பிளானை அனுப்பச் சொல்லி, என் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தார். கிழக்கு வாசல் என்பதில் திருப்தி. பிறகு முகம் சுருங்கியது.

"கூரை ரெண்டு பக்கமும் சரியுது. பாதி லட்சுமி தெக்க ஓடிருவாளே" என்றார்.

"அப்பா, அங்க கூரையில ஓடுறது தண்ணி இல்ல, பனி. நீங்க சொல்ற பக்கம் சரிச்சா அம்புட்டும் வாசல்ல வந்து குவியும்."

"குவியட்டுமே. ஓடி வர்ற லட்சுமி குவிஞ்சு வந்தா வேணாம்பியா?"

"கதவத் தெறக்க முடியாதுப்பா. இது என் தொழில். தெனமும் இதைத்தான் வரைஞ்சுக்கிட்டிருக்கேன்."

"நீ எதுக்கெடுத்தாலும் எதிர்த்துத்தான் பேசுவ" என்று சொல்லிவிட்டு அண்ணனுக்கே போன் போட்டார். கூரை மொத்தமும் ஒரே சரிவாக ஈசான்யத்துக்கு இறங்க வேண்டும் என்று விளக்கினார். அண்ணன் பொறுமையாகக் கேட்டான். கேட்டுவிட்டு, "நீங்க சொன்னாச் சரிப்பா" என்றான். பேசத் தெரிந்த நாள் முதல் அவன் அப்பாவிடம் சொல்லிவரும் வாக்கியம் அது.

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை எனக்குப் புரிந்தது. அண்ணன் என்ன வேலைக்குப் போகிறான், யாரைக் கட்டிக்கொள்கிறான், பிள்ளைகளுக்கு என்ன பெயர் வைக்கிறான் என்பதெல்லாம் அங்கேயே முடிவாகி, செய்தியாக மட்டுமே இங்கே வந்து சேர்ந்தவை. மிச்சம் இருந்தது கூரை ஒன்றுதான். மகன் வீட்டில் தன் பேச்சு இன்னும் செல்லுபடி ஆகிறதா என்று தெரிந்துகொள்ள அப்பாவுக்குக் கிடைத்த ஒரே இடம்.

மறுநாள் அலுவலகத்தில் இருந்தபோது அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "அப்பா சொன்ன மாதிரி கட்டுனா இங்க பர்மிட்டே தர மாட்டாங்க. நீ ஒழுங்கா ஒண்ணு வரைஞ்சு எனக்கு அனுப்பு. அப்பா சொன்னதையும் ஒண்ணு வரைஞ்சு அவர்கிட்டக் காட்டிரு" என்றான்.

இரண்டையும் வரைந்தேன். அண்ணன் ஒழுங்கானதைக் கட்டினான். வடக்கும் தெற்குமாக இரண்டு சரிவு, வாசலுக்கு மேலே பனி விழாமல் முக்கோண முகப்பு. அப்பா மற்றதை ரசித்தார். அதையும் நான் குறை வைக்காமல்தான் வரைந்திருந்தேன், பனிப்பாரம் உட்பட. உலகத்தில் எங்கேயும் கட்டக் கூடாத ஒரு கூரைக்கு அவ்வளவு துல்லியமாகக் கணக்குப் போட்டவள் நானாகத்தான் இருப்பேன். புதுமனை புகுவிழாப் படங்கள் வந்தபோது எனக்கு உள்ளூரப் பயம். அப்பா நெடுநேரம் பார்த்துவிட்டு, "பரவால்ல, சொன்னபடி செஞ்சிருக்கான்" என்றார். பக்கவாட்டில் நின்று எடுத்த படங்களில் ஒரு சரிவுதான் தெரிந்தது, மறுபக்கம் இன்னொன்று இருப்பது யாருக்குத் தெரியும். அதுதான் அண்ணனைக் காப்பாற்றியது.

பிறகு அங்கே குளிர்காலம் வந்தது. அண்ணன் ஒரு காலையில் வீடியோ ஒன்று அனுப்பினான். வாசல் பாதையில் முழங்கால் உயரத்துக்குப் பனி. அண்ணன் குனிந்து பெரிய மண்வாரியால் அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அந்தத் தேசத்தில் எல்லார் வீட்டு முன்னாலும் இதே காட்சிதான். வானத்திலிருந்து நேராக விழுகிற பனிக்குக் கூரை என்ன செய்யும்? அண்ணன் ஏதோ வேடிக்கையாக நினைத்து அனுப்பியிருக்கிறான்.

அப்பா அதை வேடிக்கையாகப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்தார். திரும்பவும் பார்த்தார். "வாசல்ல குவியும்னு சொன்னேல்ல நீ?" என்று என்னிடம் கேட்டார். "அங்க எல்லா வீட்லயும் அப்படித்தான்ப்பா" என்றேன். அவரை ஆறுதல்படுத்தச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லும்போது மட்டும் என்னை யாரும் நம்புவதில்லை.

அன்றிலிருந்து ஆள் மாறிப் போனார். காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் கைப்பேசியில் அந்த ஊர் வானிலையைப் பார்ப்பார். "இன்னைக்கும் கொட்டுமாம்" என்பார். மத்திகிரியில் வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, அவர் மட்டும் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வீட்டு மனை பார்க்கக் கூப்பிட வந்தவர்களை முதுகு வலி என்று திருப்பி அனுப்பினார். "அந்த மண்வாரி ரொம்பக் கனமோ?" என்று திடீரென்று கேட்பார். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். ஒரு நாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "எம் பேச்சக் கேட்டுத்தானம்மா அவன் முதுகு ஒடியுது" என்றார்.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஒரே ஒரு வாக்கியத்தில் அவர் துயரத்தைத் தீர்த்துவிடலாம். 'கவலைப்படாதீங்கப்பா, அவன் உங்க பேச்சைக் கேட்கவே இல்லை.' மகன் கஷ்டப்படவில்லை என்று தெரிந்தால் நிம்மதி வரும். மகன் தன் சொல்லை மதிக்கவில்லை என்பதும் அதோடு சேர்ந்தே வரும். எதைத் தின்றால் பித்தம் தெளியும் என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"நீயே அவர்கிட்ட உண்மையச் சொல்லிரு அண்ணே."

"நான் எப்படிச் சொல்றது? உடைஞ்சு போயிருவாரு. நீ பக்கத்துலயே இருக்கேல்ல, நீ பாத்துக்க" என்றான்.

நீ பாத்துக்க என்பது அவன் என்னிடம் சொல்லும் வாக்கியம். அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இந்த இரண்டை வைத்துக்கொண்டே அவன் நல்ல பிள்ளையாக வாழ்ந்துவிட்டான்.

சரி, ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிறு காலை நான் எழுந்து வந்தபோது அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பியிருந்தார். கிருஷ்ணகிரிக்குப் போகிறேன், ஒரு ஆளைப் பார்க்க வேண்டும் என்றார். துணைக்கு வரட்டுமா என்றதற்கு வேண்டாம் என்றார். சாயங்காலம்தான் திரும்பினார். களைப்பாக இருந்தாலும் முகம் தெளிந்திருந்தது.

"கிருஷ்ணகிரியில பெரிய ஆளு ஒருத்தர். வாஸ்துல கரை கண்டவரு. அவர்கிட்டக் கேட்டேன். குளிர் தேசத்துக்கெல்லாம் விதி வேறயாம்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல் செருப்பைக் கழற்றியபடி.

அந்தப் பெரிய ஆள் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. வாஸ்துவில் அப்பா இன்னொருவரிடம் சந்தேகம் கேட்டதாக அதுவரை சரித்திரமே கிடையாது. கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து இரண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

காபி குடித்த கையோடு அண்ணனுக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். "கூரையத் திருப்பிருப்பா. வாசப்பக்கம் பனி விழக் கூடாது. வெயில் படுற பக்கமும் சரிவு விடு. ரெண்டு பக்கமும் சரிஞ்சாத் தப்பில்லையாம். நான் சொல்றேன்" என்றார்.

அண்ணன், "நீங்க சொன்னாச் சரிப்பா" என்றான்.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. சரியாக இருக்கிற கூரையைத் திருத்துவதற்கு எவ்வளவு நாள் பிடிக்கும் என்று அண்ணன் என்னிடம் யோசனை கேட்டான். பனி போகட்டும், கோடையில் தொடங்கியதாகச் சொல் என்றேன். அவனும் சொன்னான். கொஞ்ச நாள் கழித்து, வேலை இழுக்கிறது, ஆள் கிடைக்கவில்லை என்றான். "எல்லா ஊர்லயும் இதே கதைதாம்ப்பா, விரட்டாத, வேலை கெட்டுப் போயிரும்" என்று அப்பா தேற்றினார். நடக்காத வேலையின் மேஸ்திரிக்கு அப்படி இருவருமாகச் சேர்ந்து இரக்கப்பட்டார்கள். அப்பா சால்வையை மடித்து வைத்தார். திசைகாட்டியோடு மறுபடியும் தெருவில் இறங்கினார்.

கடைசியில் படம் வந்தது. அதே வீடு, அதே கூரை. அண்ணன் மெனக்கெட்டு வேறு சட்டை போட்டுக்கொண்டு நின்றிருந்தான், அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அந்நேரம் பக்கத்து வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ் பேசுகிறவர். அப்பா அவரிடம் படத்தைக் காட்டினார்.

"கூரைய மாத்தச் சொன்னேன், மாத்திட்டான். பாரும்மா, இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு."

அந்த அம்மா உற்றுப் பார்த்தார். "முன்ன காட்னதும் இதே மாதிரிதானே இருந்துச்சிங்கண்ணா?"

என் கையில் கறிவேப்பிலை அப்படியே நின்றது.

"அது வேற பக்கம் நின்னு எடுத்ததும்மா" என்றார் அப்பா, ஒரு நொடியும் யோசிக்காமல். பிறகு கைப்பேசியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "எத்தன தொலவுல இருந்தா என்ன? எம் மகன் எம் பேச்சத் தட்ட மாட்டான். இவ இருக்காளே, எதுக்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு."

சுருக்கென்றது எனக்கு. அவர் சொன்னபடியெல்லாம் இடிந்தும் எழும்பியும் நிற்கிற வீட்டில், அவருக்காக வடித்த சோற்றின் சூடு கையில் இருக்கும்போதே எனக்கு இந்தப் பட்டம். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். இரண்டு வரைபடமும் அலுவலகக் கணினியில் அப்படியே இருந்தன. அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். அன்று காலை அவர் தானாக இன்னொரு தோசை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தார்.

"ஆமாங்கக்கா, எங்க அண்ணன் மாதிரி வராது. அப்பா சொன்னா சொன்னதுதான் அவனுக்கு" என்றேன் அந்த அம்மாவிடம்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார்.

"இன்னைக்குத்தாம்மா நீ எதிர்த்துப் பேசாம இருந்திருக்க" என்றார்.