சந்தனம் பூசிய கம்பி

உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் சாலையோரம், வயலுக்கு நடுவே, தகரக் கூரை போட்ட ஒரு பட்டறை. டிராக்டருக்குப் போகும் பிராக்கெட் போன்ற எஸ்.ஜி. ரக இரும்பு வார்ப்புகளுக்கு அங்கே சூட்டு வைத்தியம் நடக்கிறது. தொள்ளாயிரம் டிகிரி உலையில் இரண்டு மணி நேரம். அப்படியே தூக்கி, முந்நூற்று இருபது டிகிரியில் உருகிக் கிடக்கும் உப்புத் தொட்டியில் ஒன்றரை மணி நேரம். வெளியே வரும்போது இரும்பு முன்பைவிட இரண்டு மடங்கு பலசாலி. தொட்டிச் சூடு முன்னே பின்னே போனால் மட்டும் வைத்தியம் பலிக்காது.

அந்தச் சூட்டுக்கு அதிபதி வேதகிரி. வயது நாற்பத்தெட்டு. அவர் வம்சத்தில் யாருக்கும் ஒரு சென்ட் நிலம் இருந்ததில்லை. ஆகவே அவரை ‘டேய்’ போட்டுக் கூப்பிடும் உரிமையை ஊரில் சிலர் பரம்பரையாக அனுபவித்து வந்தார்கள். பத்தொன்பது வருஷத்துக்கு முன் அவர் ஆபரேட்டர் ஆனபோது அவர்களுக்குப் பெரிய சங்கடம். ‘டேய் ஆபரேட்டர்’ என்று சொல்லிப் பார்த்தார்கள், நாக்கு ஒத்துழைக்கவில்லை. நாளடைவில் ‘டேய்’ உதிர்ந்து ‘ஆபரேட்டர்’ மட்டும் நின்றது. சம்பளத்தை விட வேதகிரி பத்திரமாக வைத்திருந்தது அந்த வார்த்தையைத்தான்.

நன்றி மறவாத மனிதர். இந்த ஆயுத பூஜைக்கு உலை, சங்கிலி, சுவிட்ச் போர்டு, கழிவறை வாளி வரை சந்தனம் வைத்து முடித்த பிறகுதான் அந்த அநீதி அவர் கண்ணில் பட்டது. உப்புத் தொட்டியின் சூட்டை அளக்கும் கம்பி, ஒரு குழாய்க்குள் தலைகீழாக நின்று வருஷம் முழுக்க உழைக்கிறது. அதற்கு இதுவரை ஒரு பொட்டாவது உண்டா? உருவினார். நுனிவரை கெட்டியாகச் சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, பக்தியில் கண்ணை மூடிக்கொண்டு திரும்பச் சொருகினார்.

மூன்றாம் நாள் மார்த்தாள் வந்தாள். இரும்பின் மேல் ஒரு குண்டை அழுத்தி, விழும் குழியை லென்ஸில் அளந்து, இரும்பின் கடினத்தைச் சொல்வது அவள் வேலை.

“அண்ணே, குழி பெரிசா கீது. பிராக்கெட்டு மொத்தமும் அல்வா.”

“ஒயுங்கா பாத்தியா?”

“பத்து எடுத்து நாலு தபா பாத்தாச்சு. முந்நூத்தி நாப்பது வரணும். எரநூத்தி தொண்ணூறத் தாண்ட மாட்டேங்குது.”

மேனேஜர் ஸ்ரீகாந்த் யோசனையில் நேரத்தை வீணடிப்பவர் அல்ல. “வார்ப்புலயே கோளாறு. ஃபவுண்டரிக்கு மெயில் போட்டுடறேன். அங்க இரும்பு உருக்கற ஆபரேட்டர் தூங்கியிருப்பான்” என்றார்.

வேதகிரி நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுத் தொட்டிப் பக்கம் போனார். கம்பியில் ஒரு சிவப்புப் பெயின்ட் கோடு உண்டு. அது குழாய் வாயோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒரு சாண் மேலே நின்றது.

சூட்டில் சந்தனம் காய்ந்து, கம்பி பாதி வழியில் ஒட்டிக்கொண்டிருந்தது. நுனி உப்புக்கு மேலே அந்தரத்தில் தொங்கியபடி ‘இன்னும் சூடு போதாது’ என்று சொல்லச் சொல்ல, ஹீட்டரும் நம்பி எரிந்திருக்கிறது. தொட்டி தேவைக்கு மேல் கொதித்து, இரும்பு மெத்தென்று ஆகிவிட்டது.

“இன்னாண்ணே, கம்பிய மொறச்சிக்கினு கீறே?” பின்னால் வந்த மார்த்தாள் மஞ்சள் கறையைப் பார்த்துவிட்டாள். “எங்க சர்ச்சுல மிஷினுக்குச் சந்தனம் வெக்கற பயக்கம் இல்ல. அதான் என் மிஷின் உண்மைய சொல்லுது.”

“வாய மூடு மார்த்தா.”

“நான் எதையும் பாக்கல. குழி பாக்கறதுதான் என் வேலை.” போய்விட்டாள்.

கம்பியைச் சுரண்டி அழுத்தினால் கதை முடிந்தது. மெயில் போகும். முகம் தெரியாத ஒரு ஆபரேட்டர் எங்கோ ஓர் ஊரில் ‘டேய்’ ஆகிவிடுவான். ஒருத்தனுக்கு அந்த வார்த்தை உதிர எத்தனை வருஷம் பிடிக்கும் என்று வேதகிரிக்குத் தெரியும். கம்பியைத் தொடாமல் அப்படியே விட்டார். பிறகு ஆபீசுக்குள் போனார்.

“சார், மெயில் போயிட்ச்சா?”

“டைப் பண்றேன்.”

“போடாதீங்க. அந்தாளு தூங்கல. நாந்தான் கண்ண மூடிக்கினு கம்பிய சொருவிட்டேன்.”

முழுதும் கேட்ட ஸ்ரீகாந்த் நெற்றியைத் தேய்த்தார். ‘ஆயுத பூஜை’ என்று ரிப்போர்ட்டில் எழுத முடியாது. ‘சென்சார் இடம்பெயர்ந்தது’ என்று எழுதினார், ஏதோ அது பிழைப்பு தேடிச் சென்னைக்குப் போனது போல. “ஒரு மாசம் லோடிங் பாருங்க வேதகிரி. உலை பக்கம் வராதீங்க.”

அதே பிராக்கெட்டுகள் மறுபடி தொள்ளாயிரத்துக்கு ஏறின. அந்தச் சூட்டில் இரும்பு தனக்கு முன்னால் நடந்ததை மறந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம். மனிதர்களுக்கான உலை இந்த வட்டாரத்தில் இன்னும் திறக்கப்படவில்லை.

“முந்நூத்தி அம்பத்திரண்டு” என்றாள் மார்த்தாள். “இப்ப கடிச்சா பல்லு போயிடும்ணே.”

அன்று மாலை வேதகிரி தன் ஊர் முக்கு டீக்கடையை அடைவதற்குள் செய்தி போய்ச் சேர்ந்திருந்தது. பெஞ்சில் சடையப்பன், ஏரிப் பாசனத்தில் எட்டு ஏக்கர்காரர், அந்தப் பழைய உரிமையை முழுதாக அனுபவித்தவர். வேதகிரி ‘டேய்’க்குத் தயாராகி நின்றார்.

சடையப்பன் நகர்ந்து இடம் விட்டார். “வாய்யா, சந்தன ஆபரேட்டரு! டீ சொல்லட்டா?”

வேதகிரி அந்தப் புதுப் பட்டத்தை மார்த்தாளின் லென்ஸில் வைப்பது போல வைத்துப் பார்த்தார். முன்பாதியில் குழி விழுந்திருந்தது, வாழ்நாளுக்கும் போகாது. பின்பாதி அப்படியே நின்றது.

“சொல்லுங்க” என்று சொல்லி உட்கார்ந்தார்.