வகுக்க முடியாத வெக்டர்

எனக்கு மன்னிக்க வராது. "விட்டுத் தொலைடி, பெரிய மனசு பண்ணு" என்று டத்தோ கிராமாட் சாலை வீட்டில் அக்கா சொல்லாத நாளில்லை. மனசு சின்னதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

சில வருஷங்களுக்கு முன் பினாங்கில் கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். டிராக் ஆபரேட்டர் என்று ஒரு கணிதச் செயலி உண்டு. ஒரு சார்பு எல்லாத் திசைகளிலும் எப்படி மாறுகிறது என்பதை ஒரே வீச்சில் கணக்கிடும். அது பூஜ்ஜியமாக்கிவிடும் சார்புகளுக்கு மோனோஜெனிக் என்று பெயர். சிக்கலெண்கள் கலந்த, வெக்டர்களையும் எண்கள்போலப் பெருக்கும் கிளிஃபோர்டு இயற்கணிதத்தில் இந்தச் சார்புகளைப் பற்றி ஒரு தேற்றம் கண்டுபிடித்தேன். என் ஆய்வேட்டின் உயிரே அதுதான். என் மேற்பார்வையாளர் அறையின் வெள்ளைப் பலகையில் ஒரு மதியம் முழுக்க அதை எழுதிக் காட்டினேன். அவர் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். "நல்லாத்தான் இருக்கும்மா, இன்னும் கொஞ்சம் யோசிக்கணும்லா" என்றார்.

வீட்டுக்கு வந்து யோசித்ததில் ஓர் ஓட்டை தெரிந்தது. 'இந்த வெக்டர் பூஜ்ஜியமல்ல, ஆகவே அதைக்கொண்டு வகுக்கலாம்' என்று ஒரு வரி எழுதியிருந்தேன். மெய்யெண்களோடு நின்றால் அது சரி. சிக்கலெண்கள் உள்ளே வந்தால், பூஜ்ஜியமல்லாத வெக்டரைக்கூட அதனாலேயே பெருக்கும்போது பூஜ்ஜியம் வந்து நிற்கலாம். அப்படிப்பட்ட வெக்டரால் வகுக்க முடியாது. எங்கள் துறைக்காரர்கள் பழக்கதோஷத்தில் விழும் குழி இது. அதை அடைக்கச் சில வாரங்கள் மண்டையை உடைத்துக்கொண்டேன். வழி கிடைத்ததும் அவரிடம் சொல்ல ஓடினேன்.

அறை வாசலில் கருத்தரங்கு அறிவிப்பு ஒட்டியிருந்தது. தலைப்பு என் தேற்றம், பெயர் அவருடையது மட்டும். உள்ளே போய்க் கேட்டேன்.

"போர்டுல எழுதிட்டா உன்னோடது ஆயிடுமா? ஐடியா குடுத்தது யாரு? உன் தீசிஸுக்கு வேற ஏதாச்சும் பாத்துக்கலாம், விடும்மா."

விட்டேன். ஓட்டையைப் பற்றி மூச்சுகூட விடவில்லை. கருத்தரங்கு நாள்வரை அவரைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் இனிக்கிறது.

அன்று கூடம் நிறைய ஆட்கள். பின்வரிசையில் கறிபாப் பலகாரம் மணந்தது. அவர் திரையில் காட்டியது அச்சு அசல் என் பலகை. அந்த வரி வந்ததும் கையைத் தூக்கினேன்.

"முதல் திசையோட, ரெண்டாவது திசைய மைனஸ் ஒண்ணோட வர்க்கமூலத்தால பெருக்கிக் கூட்டுங்க சார். அந்த வெக்டரால எப்படி வகுப்பீங்க?" என்பதை நல்ல ஆங்கிலத்தில், மிகப் பணிவாகக் கேட்டேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார். "பூஜ்ஜியம்தான் வருகிறது" என்றார். என் மேற்பார்வையாளர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியைத் துடைத்தார். பிறகு பழியை இறக்கி வைக்க ஓர் இடம் கண்டுபிடித்துவிட்டார். அந்த வரி தன்னுடையதல்ல, நிரூபணம் முழுவதுமே தன் மாணவி செய்தது, தான் சரிபார்க்காமல் விட்டது தவறு என்று கூடத்துக்கே அறிவித்தார்.

இதற்காகத்தான் காத்திருந்தேன்.

"சார், பின்னாடி கேக்கல. யார் செஞ்சதுன்னு இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன்.

சொன்னார். நான் எழுந்து போய், அவர் கையிலிருந்த மார்க்கரை வாங்கி, திரைக்குப் பக்கத்துப் பலகையில் ஓட்டையை அடைத்தேன்.