தண்ணீர் குடிக்காத ஷிஃப்ட்

மும்பை செம்பூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அங்கே துப்புரவுப் பெண்களுக்கு நான் சூப்பர்வைசர். தாராவியிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். பெண்களில் ஒருத்தி சுனாபட்டியில் இருந்தாள். பூர்வீகம் எங்கள் திருநெல்வேலிப் பக்கம்தான். அவள் துடைத்த தரையை நான் மறுபடி சரிபார்த்ததே இல்லை.

போன கோடையில் அவள் வேலை கெட்டது. வார்டின் பாதியில் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டுக் காணாமல் போவாள். திரும்பும்போது முகம் வெளிறியிருக்கும். நர்ஸ்கள் புகார் செய்தார்கள். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "வேற ஆளைப் போட்டுடுங்கோ" என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. படிக்கட்டில் அவளை மறித்தேன்.

"என்னட்டி ஆச்சு ஒனக்கு?"

"ஒண்ணுக்குப் போனா எரியுதுக்கா. அடக்கி அடக்கி இப்பம் நிக்கவே முடியல."

"கீழ நம்ம டாய்லெட்டுக்குப் போய்ட்டு வர வேண்டியதுதான?"

"பேஸ்மெண்ட் வரைக்கும் எறங்கி ஏறணும். கொஞ்சம் லேட்டானா நர்ஸு கத்துதாவ. அதான் தண்ணியே குடிக்கதில்ல."

வீட்டை விட்டுக் கிளம்பினால் நானும் இரண்டு மடக்குக்கு மேல் குடிப்பதில்லை. அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டு மேனேஜரிடம் போனேன். அவர் மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த தமிழர். தமிழில் கேட்டால் இளகுவார் என்று ஒரு நம்பிக்கை.

"சார், வார்டு பக்கத்துல இருக்க டாய்லெட்டுக்கே எங்காளுவளும் போயிட்டு வரட்டுமே."

"அது பேஷண்டைப் பார்க்க வர்றவாளுக்கும்மா. யாராவது கம்ப்ளெய்ண்ட் பண்ணினா நான்தானே பதில் சொல்லணும்?"

"அதக் கழுவுததே நாங்கதான சார்."

அவர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டு, "பார்க்கலாம்" என்றார்.

வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தேன். அவர் எப்போது பார்ப்பது, அதுவரை இவர்கள் என்ன செய்வது? எல்லாப் பெண்களையும் கூப்பிட்டேன்.

"இனும அங்கயே போங்க. யாரும் கேட்டா நான் சொன்னேம்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேனே தவிர, மேனேஜர் மாடிக்கு வரும்போதெல்லாம் அந்த டாய்லெட் பக்கம் போய் நின்றுகொள்வேன். ஒருநாள் எங்கள் பெண் ஒருத்தி கதவைத் திறந்துகொண்டு நேரே அவர் எதிரிலேயே வந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி லிஃப்ட்டுக்குப் போய்விட்டார்.

மருந்து சாப்பிட்டுச் சுனாபட்டிக்காரி தேறிவிட்டாள். அவள் வார்டிலிருந்து இப்போது புகார் வருவதில்லை. அனுமதி என்று மட்டும் யாரும் இதுவரை வாய் திறந்து சொல்லவில்லை. போனில் மேனேஜர் நம்பரைப் பார்த்தால் இன்றைக்கும் சட்டென்று எழுந்து நின்றுவிடுகிறேன்.