பின்சீட்டுக்குச் சூடு

என் அத்தானுக்கு, வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயம். அக்காவின் கணவர் என்பதால் பொறுத்துக்கொண்டிருக்கிறேன். வேறு யாராவதாக இருந்தால் எப்போதோ பெரிய கும்பிடு போட்டிருப்பேன். பால் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். விடிவதற்கு முன் கிளம்பி, தனியாக ஓட்டி, தனியாக இறக்கி, வீடு திரும்பும்போது பேச்சு என்ற ஒன்றே மறந்துபோயிருக்கும் மனிதருக்கு. இப்போது மிச்சம் ஒரு பழைய வேன். எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். உட்காருவது இரண்டே பேர், அவர் முன்னால், அக்கா பின்னால்.

மகள் கல்யாணத்தன்று ஆரம்பித்தது அது. மாப்பிள்ளையை அத்தானுக்குப் பிடிக்கவில்லை. அக்காவைப் பதிவு அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, எல்லாம் முடிகிற வரைக்கும் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி வேனுக்குள்ளேயே இருந்தார். திரும்பி வந்த அக்கா முன்கதவைத் தொடவில்லை. பின்கதவைத் திறந்து ஏறினாள். வருடக்கணக்காகிவிட்டது, இன்னும் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்தான் அவளை மகள் வீட்டுக்கு ஓட்டிப்போகிறார். போய், தெருவில் வேனுக்குள் காத்துக்கிடக்கிறார். பேரன் ஜன்னல் வழியாகக் கையாட்டுவானாம், இவரும் ஆட்டுவாராம்.

குளிர் தொடங்கியபோது வேன் என் மெக்கானிக் பட்டறைக்கு வந்தது. அடியில் பச்சையாக, எஞ்சினைக் குளிர்விக்கிற கூலன்ட் சொட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினிலிருந்து சூடான கூலன்டைப் பின்சீட்டு ஹீட்டருக்கு விடுகிற வால்வு விரிசல் விட்டிருந்தது. பிளாஸ்டிக் சாமான், தொட்டதும் கையோடு வந்துவிட்டது.

"கம்பெனி இதை இப்போ செய்யறதில்ல அத்தான். வெளிக்கம்பெனி பார்ட்தான் கிடைக்கும், வரவழைக்கணும். அதுவரைக்கும் பின்னாடி போற லைனை அடைச்சு விடறேன். முன்னாடி சூடு இருக்கும், பின்னாடி இருக்காது."

"அப்போ பின்னாடி உட்கார முடியாது?"

"உட்காரலாம். விறைச்சுப்போகலாம்."

கொஞ்சம் யோசித்தார். "அடைச்சு விடு. பார்ட்டெல்லாம் வேண்டாம்."

அவர் கணக்கு எனக்குப் புரிந்துவிட்டது. குளிர் தாங்காமல் அக்கா தானாக முன்சீட்டுக்கு வந்துவிடுவாள் என்று. 'முன்னாடி வா' என்ற இரண்டு வார்த்தை சுட்டுப்போட்டாலும் வராது இவருக்கு.

"வாயால கூப்பிட்டா வாய் வெந்துபோயிடுமா?" என்றேன்.

"உன் வேலையைப் பாரு."

அக்கா வரவில்லை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு பின்னாலேயே இருந்தாள். குளிர் ஏற ஏற, கம்பளிக்கு மேல் இன்னொரு கம்பளி. ஒரு திங்கட்கிழமை, நான் பட்டறையைத் திறக்குமுன்பே அத்தான் வாசலில் நின்றிருந்தார்.

"அந்தப் பார்ட்டை வரவழை."

"ஏன், திட்டம் பலிக்கலையா?"

"நேத்து இறங்கும்போது கதவைத் திறக்க முடியலடா அவளால. விரலெல்லாம் நீலமா இருந்துச்சு."

அவர் குரல் உடைந்து நான் கேட்டதே இல்லை. கிண்டல் செய்ததற்கு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பழைய மாதிரியே பிளாஸ்டிக்கில் ஒன்று மலிவாகக் கிடைத்தது. வேண்டாமென்று பித்தளையில் வாங்கினேன். அதன் வாய் பழையதைவிட ஒரு சுற்றுப் பெரியது, அதனால் ஹோஸையும் புதிதாக வெட்டிப் போட்டு, கூலன்ட் ஓடும் திசையைக் காட்டும் அம்புக்குறி பார்த்து மாட்டி, கிளாம்ப்பை முறுக்கினேன். அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கிளாம்ப்பையும் தானும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கூலன்ட் ஊற்றி, உள்ளே அடைபட்ட காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டு, எஞ்சினைச் சூடாக விட்டோம். யாராவது பின்னால் ஏறிப் பார்க்க வேண்டும். அவரே ஏறினார். டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால், அக்கா உட்காரும் இடத்தில்.

"வருதா அத்தான்?"

திரும்பிப் பார்த்தேன். எதிரிலிருந்த சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்கேருந்து என் மூஞ்சி தெரியவே தெரியாதுடா."

நான் போனெட்டை மூடினேன்.

"வருது. நல்லா வருது. அவளுக்குப் போதும்" என்று இறங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அக்கா போன் செய்தாள்.

"ஹீட்டரை நீயா சரிபண்ணினே?"

"அத்தான்தான் பண்ணச் சொன்னாரு. உனக்குக் குளிருதுன்னு மனுஷன் துடிச்சுப்போயிட்டாரு."

"கூப்பிடுவார்னு பார்த்தேன்டா. முன்னாடி வான்னு ஒரு வார்த்தை. ஒவ்வொரு வாரமும் கதவுகிட்ட கொஞ்ச நேரம் நின்னுட்டுத்தான் ஏறினேன். இப்போ சூடு போட்டுக் கொடுத்துட்டாரு. அங்கேயே இருன்னுதானே அர்த்தம்?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. "அட போக்கா, அப்படியெல்லாம் இல்ல. இரு, நான் போய் அவர்கிட்ட சொல்றேன்."

"சொல்லாதே. நீ சொல்லி அவர் கூப்பிட்டா, அது நீ கூப்பிட்டதுதான்."

வைத்துவிட்டாள். இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த கோபத்தில் சாப்பாடே இறங்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு பட்டறை வாசலில் நின்றிருந்தேன். வேன் தாண்டிப் போயிற்று. அத்தான் சாலையைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா பின்னால், கம்பளி இல்லாமல், கோட்டைக்கூடக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வால்வு நன்றாக வேலை செய்கிறது.